தண்ணீர் நிற்கக் கூடாத அணை

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் பெரிய மாமா போன் செய்தார். இரண்டு நாளாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் நல்ல மழை. "மாப்ள, அணையில தண்ணி நிக்குது" என்றார்.

மேட்டூரில் தண்ணீர் ஏறினால் தஞ்சாவூரில் உழவுக்கு ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அமராவதி நிறைந்தால் தாராபுரத்தில் நாற்றங்கால் தயாராகும். மாமா சொன்னது நொய்யல் ஆற்றின் குறுக்கே நிற்கும் ஒரத்துப்பாளையம் அணையை. அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "மேல இருந்து வர்ற வேகத்துக்கு வெளிய போறது பத்தலையாட்ட இருக்குது. ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்ங்கறாங்க. வடிஞ்சாத் தேவல" என்றார்.

எழுபது வயது விவசாயி, கண்ணெதிரே நிற்கும் அணையில் தண்ணீர் தங்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறார். வெளியூர் நண்பர்களுக்கு இதைச் சொன்னால் புரிவதில்லை. டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எனப் பலமுறை விளக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன். ஒருமுறை முழுதாக எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நொய்யல் சின்ன ஆறுதான். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பெரியாறு, சின்னாறு முதலிய ஓடைகள் கூடுதுறை என்ற இடத்தில் சேர்ந்து நொய்யலாகின்றன. அங்கிருந்து பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் என்று கிழக்கே ஓடி, எங்கள் ஊர்ப்பக்கம் வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரில் காவிரியில் கலக்கிறது. நீளம் சுமார் 180 கிலோமீட்டர். பழைய பெயர் காஞ்சிமாநதி. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலுக்குப் பக்கத்துப் படித்துறையில் ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்க இன்றும் கூட்டம் கூடுகிறது.

கல்லூரியில் படிக்கும்போதுதான் நண்பர்களோடு கூடுதுறைப் பக்கம் முதல்முறை போனேன். அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. எல்லோரும் அள்ளிக் குடித்தார்கள், நானும் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு இதே ஆற்றில் கால் நனைக்கக் கூடாது என்று கண்டித்து வளர்க்கப்பட்டவன் நான். நண்பர்களுக்கு அது ஒரு சுற்றுலா இடம். எனக்கு, நோயில் கிடக்கும் ஒருவரின் சின்ன வயசுப் போட்டோவைத் திடீரென்று பார்த்தது போல இருந்தது.

இந்த ஆற்றின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்கே மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே வர வர மழை குறையும். காங்கேயம், சென்னிமலைப் பக்கமெல்லாம் மழை மறைவுப் பகுதி. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடும், கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும், காங்கேயம் மாடும் அந்த வறட்சிக்கு ஏற்றபடி அமைந்தவை. ஆற்றில் வருஷத்துக்குச் சில நாள் வெள்ளம் வரும். மற்ற நாளில் மணலும் அங்கங்கே ஊற்றும்தான்.

சில நாள் வெள்ளத்தை வருஷம் முழுக்க வைத்துப் பிழைப்பது எப்படி? பழைய ஆட்கள் இதற்குக் கண்ட வழியை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஆற்றின் குறுக்கே தாழ்வான கல் அணைக்கட்டுகளைக் கட்டினார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் ஆரம்பித்து வரிசையாக வரும். நொய்யலுக்கு 32 அணைக்கட்டு, 40 குளம் என்று ஒரு கணக்கு வழக்கில் சொல்லப்படும். அந்த அணைக்கட்டு ஆற்றைத் தடுக்காது. தண்ணீரைக் கொஞ்சம் மேலேற்றி, ஒரு பங்கை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்கு மேல் போகவிடும். வாய்க்கால் குளத்துக்குப் போகும். குளம் நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கோ மறுபடி ஆற்றுக்கோ போகும். கோவையில் உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் இந்தச் சங்கிலியில் வருபவை. சூலூர்க் குளமும் அப்படித்தான்.

குளத்தால் நேரடியாகப் பாய்கிற வயல் கொஞ்சம்தான் என்பார் அப்புச்சி (அம்மாவின் அப்பா). அதன் பெரிய உபகாரம் கிணற்றுக்கு. குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்று வட்டாரத்தில் கிணறு ஊறும். கொங்கு நாட்டு வெள்ளாமை பாதிக்கு மேல் கிணற்று வெள்ளாமை. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்திலும் சரி, கரண்ட் மோட்டார் வந்த பிறகும் சரி, ஆறு எங்களுக்கு மண்ணுக்கடியில்தான் வந்து சேர்ந்தது. பின்னால் நடந்த கேட்டுக்கும் இதுவேதான் வழி என்பதால் இதை இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

அணைக்குப் பக்கத்தில் ஆற்றின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் துணிபு. எண்பதுகளின் நடுவிலிருந்து பல கட்டமாக அகழாய்வு நடந்திருக்கிறது. பச்சைக்கல்லும் சூதுபவளமும் அறுத்து, தேய்த்து, துளையிட்டு மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேரூர், வெள்ளலூர், சூலூர், கொடுமணல் என்று கரூருக்குப் போன பழைய வணிகப் பாதை நொய்யலை ஒட்டியே போனது. வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன.

தொழில் வந்ததால் ஆறு கெட்டது என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் கொடுமணல்தான். இந்தக் கரையில் 2,000 வருஷத்துக்கு முன்பே பட்டறை ஓடியிருக்கிறது, வெளிநாட்டுக்குச் சரக்கு போயிருக்கிறது. அந்தக் குழிகளை நேரில் பார்த்தபோது, பட்டறையில் இருந்தவர்கள் தாகத்துக்கு எங்கே போயிருப்பார்கள் என்று யோசித்தேன். நான் நின்ற மேட்டிலிருந்து ஆறு கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, அணைக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் வேலை ஆரம்பித்து 1992-இல் முடிந்தது. உயரம் 40 அடி, செலவு 16 கோடி ரூபாய்க்கு மேல். நீர்ப்பிடிப்புக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். நொய்யலில் வீணாகப் போகும் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, கீழே கரூர்ப் பக்கம் வறண்டு கிடக்கும் காடுகளுக்குக் கொடுப்பது திட்டம். அங்கே கார்வழிப் பக்கம் ஆத்துப்பாளையம் நீர்த்தேக்கம் இதற்குத் துணையாக இருக்கிறது.

எடுத்த நிலத்தில் எங்கள் அப்புச்சியின் நான்கு ஏக்கரும் உண்டு. ஆற்றோரக் காடு, வண்டல் மண். போட்டது விளையும். ஊரில் சிலர் அழுதார்கள், சிலர் கோபப்பட்டார்கள். அப்புச்சி வேறு ஒரு கணக்கில் இருந்தார். அணைக்குக் கீழே அவருக்கு இன்னும் ஆறு ஏக்கர் மேட்டுக்காடும் ஒரு கிணறும் இருந்தன. சித்திரை, வைகாசியில் அந்தக் கிணறு அடி தெரிய வற்றும். "அணையில தண்ணி நின்னா நம்ம கெணறு வத்தாது பாரு" என்று அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) திரும்பத் திரும்பச் சொல்வார். நான்கு போனாலும் ஆறு பொன்னாகும் என்பது அவர் நம்பிக்கை.

முதல் வருஷம் தண்ணீர் நின்றபோது எனக்குப் பதினொரு வயது. கரையில் பொங்கல் வைத்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். அதுவரை அப்படி ஒரு காட்சியை நாங்கள் பார்த்ததில்லை. சின்ன மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை முழுக்க நடந்தார். அப்புச்சி கிணற்றில் இறங்கி எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணிவிட்டு மேலே வந்தார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் போட்ட கணக்கு சரியாகத்தான் வந்தது. கிணறு ஊறியது.

அடுத்த இரண்டு, மூன்று வருஷத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. வெள்ளம் வராத மாதங்களில் ஆற்றில் வந்ததே திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர்தான். ஒரு நாள் ஊதா, ஒரு நாள் செங்கல் நிறம், பல நாள் கறுப்பு. ஓரத்தில் நுரை. மீன் செத்து ஒதுங்கியது, கரை முழுக்க நாற்றம். அந்த நாற்றத்தோடு பள்ளிக்கூடம் போய்வந்தோம்.

நிறம்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. பத்திரிகைப் படங்களில் வந்ததும் அதுதான். எங்களை அழித்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. இது புரிய எனக்கே பல வருஷம் ஆயிற்று.

திருப்பூர் ஆரம்பத்தில் வெள்ளை பனியன் ஊர். எண்பதுகளில் ஏற்றுமதி பெருகியது, கலர் டி-சர்ட்டுக்கு ஆர்டர் குவிந்தது, சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தியில் சாயம் ஏற்றுவதற்கு உப்பு வேண்டும், அதுவும் நிறைய. தண்ணீருக்குள் பருத்தி இழையும் சாயமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் இழைக்குள் போகும். அப்புறம் சோடாவைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடுகிறது. உப்பு துணியில் தங்குவதில்லை, தங்கவும் கூடாது. திரும்பத் திரும்ப அலசி எடுத்துவிடுவார்கள். லாரி லாரியாக உள்ளே போன உப்பு அவ்வளவும் தண்ணீரோடு வெளியே வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் மற்ற ரசாயனங்களும் போட்டு நிறத்தைப் பெருமளவு எடுத்தார்கள். பார்வைக்குத் தண்ணீர் தெளிந்தது. உப்பு அப்படியே வந்தது. அந்த முறையில் உப்பைப் பிரிக்க முடியாது.

ஆறு பல அழுக்கைத் தானே செரித்துக்கொள்ளும். சாக்கடை கலந்தால் கூட, காற்றுப் பட்டு, பாறையில் மோதி, நுண்ணுயிர் தின்று, கொஞ்ச தூரம் போனால் ஓரளவு தேறும். உப்பு மக்காது, வேகாது, ஆவியாகாது. அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தத்தான் முடியும். ஓடிக்கொண்டே இருந்திருந்தால் வெள்ளத்தோடு காவிரிக்குப் போய்க் கரைந்து கடலைச் சேர்ந்திருக்கும். நடுவில் அணை இருந்தது. தண்ணீரை நிறுத்துவதுதானே அதன் வேலை? எங்கள் ஊர் வெயிலில் நிறுத்திய தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிச்சத்தில் உப்பு கெட்டியானது. கெட்டியானது மண்ணுக்குள் இறங்கியது. எந்த வழியாக அப்புச்சி கிணற்றுக்கு நல்ல தண்ணீர் வந்ததோ அதே வழியாக உப்புத்தண்ணீர் வந்தது. கிணறு வற்றவே இல்லை.

முதலில் கண்டுபிடித்தது அமுச்சி. டீ வைத்தால் பால் திரிந்தது. பாலில்தான் ஏதோ கோளாறு என்று கறந்த எருமையைத் திட்டினார். பக்கத்து வீட்டிலும் திரிந்தது. பருப்பு வேக மறுத்தது. எருமை தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மஞ்சள் இலை ஓரம் கருகியது. தென்னையில் காய் சிறுத்தது. ஒரு நாள் மாமா வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தேன். கரித்தது. இளநீர் கரிக்கும் என்று அதற்கு முன் யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மண்ணும் மாறியது. தண்ணீர் பாய்ச்சிக் காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூத்து, அடியில் சிமெண்டு போல இறுகியது. சோடியம் ஏறிய மண் அப்படித்தான் ஆகும், பொலபொலப்பு போய்விடும், மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. அப்புச்சி அந்தக் கட்டியை உடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். 2001-இல் இறந்துபோனார். கடைசி வரையில் அணையைக் குறைசொல்லவில்லை. "தண்ணி நல்லா வந்திருந்தா நல்லாத்தானெ இருந்திருக்கும்" என்பார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது நான் வழக்கமாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அதையும் எழுதாவிட்டால் நான் எழுதியது பாதிப் பொய்யாகிவிடும்.

என்னைத் தோளில் வைத்துக் கரையில் நடந்த சின்ன மாமா, தோட்டம் போன பிறகு திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனார். முதலில் சைக்கிள், அப்புறம் மொபெட். நகக்கண்ணில் எந்நேரமும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். அவர் சம்பளத்தில்தான் இரண்டு குடும்பமும் சாப்பிட்டது. அவர் மகள் கல்லூரி போனது அந்தப் பணத்தில். குடிக்கிற தண்ணீருக்கு டேங்கர் லாரிக்காரருக்குக் கொடுத்ததும் அந்தப் பணம்தான். ஆற்றைக் கெடுத்த தொழிலில் வந்த கூலியைக் கொண்டு, ஆறு கெட்டதால் இல்லாமல் போன தண்ணீரை வாங்கினோம்.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போவதற்காகக் கையெழுத்து வாங்க வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். பெரிய மாமா தாழ்வாரத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். சின்ன மாமா நைட் ஷிப்டு முடித்து வந்து அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீ போடற கையெழுத்துல என்ற சோத்துல மண்ணு உழுகுதுண்ணா" என்றார். பெரிய மாமா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. அத்தை வந்து சின்ன மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். அன்றைக்குச் சின்ன மாமாமேல் எனக்குக் கடுமையான கோபம். பல மாதம் சரியாகப் பேசவில்லை. அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அவரிடமே சொல்லியும் விட்டேன். உப்பைப் பிரித்தெடுக்க ஆகும் செலவை டி-சர்ட்டின் விலையில் யாரும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் விட்ட அந்தக் காசு எங்கள் தாழ்வாரத்தில் வந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

கோர்ட் விவகாரம் நீளம். சுருக்கமாகச் சொல்கிறேன். வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, சூழல் இழப்புக்கு ஈடு வழங்க ஓர் ஆணையம் அமைந்தது. நொய்யல் பகுதிக்கு 2004-இல் அது 28,000-க்கு மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. அதற்கு முந்தைய வருஷமே நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10 என்று அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும் என்று மூன்று மாதக் கெடு கொடுத்தது. அதுவும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது.

இதற்கு நடுவிலேயே அணையில் தண்ணீரைத் தேக்காமல் விடும் நிலை வந்துவிட்டது. நின்ற தண்ணீரைச் சும்மா திறந்துவிட்டால் கீழே கரூர்க்காரர்களின் வயலுக்குக் கேடு. அதனால் காவிரியில் வெள்ளம் போகும் நாள் பார்த்துத் திறப்பார்கள், உப்பு நீர்த்துப்போகட்டும் என்று. ஓர் ஆற்றின் தண்ணீரை இன்னோர் ஆற்றின் வெள்ளத்தில் ஒளித்து அனுப்ப வேண்டியிருந்தது.

2011-இல் பட்டறைகள் மூடியபோது சின்ன மாமா எட்டு மாதம் வீட்டில் இருந்தார். அந்த எட்டு மாதத்தில் பெரிய மாமா தன்னிடம் இருந்த இரண்டு மாடுகளில் ஒன்றை விற்றார். காசு யாருக்குப் போனது என்று வீட்டில் யாரும் பேசவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இப்போது கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைத் தனியாகப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கெட்டி உப்புத்தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பை எடுக்கிறார்கள். தண்ணீரும் உப்பின் ஒரு பகுதியும் மறுபடி சாயம் போடவே பயன்படுகின்றன. செலவு அதிகம், மின்சாரம் நிறைய குடிக்கும். சின்ன மாமா வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை அந்த ஆவியாக்கும் கோபுரத்தைப் பார்த்தேன். கடைசியில் ஒரு குழாய் வழியாக வெள்ளை உப்பு விழுந்துகொண்டிருந்தது. ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்துப் பார்த்தேன். இது அப்புச்சி கிணற்றுக்குப் போயிருக்க வேண்டியது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. இதைச் செய்யவே முடியாது, தொழிலே அழிந்துவிடும் என்று பதினைந்து வருஷம் சொன்னார்கள். செய்ய முடிந்திருக்கிறது. திருப்பூர் அதற்காகப் பெருமைப்படலாம், நானும் படுகிறேன். எந்தப் பட்டறைக்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தங்குவது இன்னும் தீராத தலைவலி. மழை பெய்யும் இரவுகளில் சில ஓடைகளில் கலர்த்தண்ணீர் வருகிறது என்ற புகாரும் ஓயவில்லை.

ஆற்றுக்கு வேறு நோயும் உண்டு. கோவை, திருப்பூர் இரண்டு ஊர்ச் சாக்கடையும் இதில்தான் கலக்கிறது. வெள்ளம் வந்தால் பாலத்தடியில் நுரை மலை போல எழும்பும். குளங்களில் ஆகாயத்தாமரை. உக்கடம் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைப் போய்ப் பார்த்தால் வயிறு எரியும். கரையை அழகாக்கும் பணத்தில் பாதி வாய்க்காலுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நொய்யலின் துணையாறான நல்லாற்றில் இருக்கும் நஞ்சராயன் குளம் 2024-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. திருப்பூருக்கு அவ்வளவு பக்கத்தில் அத்தனை பறவை. அங்கே நின்று பார்க்கும்போது மனசு கொஞ்சம் ஆறும்.

அணையை என்ன செய்வது என்று அவ்வப்போது பேச்சு வரும். மறுபடி தேக்கலாம் என்று சிலர், இடித்துவிடலாம் என்று சிலர். நான் இரண்டு பக்கமும் இல்லை. மண்ணுக்கடியில் இன்னும் உப்பு இருக்கிறது, அதைக் கழுவ மழையும் வெள்ளமும்தான் உண்டு. நல்ல வெள்ளம் வருகிற ஒவ்வொரு வருஷமும் ஆறு தடையில்லாமல் ஓடி, கிணறுகளுக்குப் புதுத் தண்ணீர் இறங்கி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளிக்கொண்டு போகட்டும். கோவையிலும் திருப்பூரிலும் சாக்கடையைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடுவது நிற்கட்டும். அது நின்று, சில கோடைகளில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, அப்புறம் தேக்குவதைப் பற்றிப் பேசலாம். என் காலத்தில் நடக்குமா என்று தெரியாது. நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்புச்சி கொடுத்த நான்கு ஏக்கர் அதற்குள்தான் கிடக்கிறது.

மாமாவின் போன் வந்து பத்து நாள் கழித்து ஊருக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்கச் சீமைக்கருவேல மரம். அவற்றின் இடுப்பளவில் வெள்ளம் நின்ற சேற்றுக்கோடு. மரக்கிளைகளில் பிளாஸ்டிக் பை, துணிக் கிழிசல், ஒற்றைச் செருப்பு. கரைமேல் மாமாவும் நானும் நடந்தோம். முழங்கால் வலி என்று அங்கங்கே நின்றார். எங்கள் காடு இருந்த இடத்தைக் கையால் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன், காட்டவில்லை. "இந்த வருசம் வெள்ளம் ஓட்டமாவே போயிருச்சு, ரெண்டு நாளுக்கு மேல நிக்கல" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை டீ வைக்கப் போனார். குடிக்கவும் சமைக்கவும் வேறோர் ஆற்றிலிருந்து குழாயில் வரும் குடிநீர்தான் பல வருஷமாக. அன்றைக்கு அத்தை கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து வைத்திருந்தார். மோட்டார் போட்டதில் வந்தது, தெளிவாக இருந்தது. "சும்மா பாக்கலாம்னு" என்று சொல்லிக்கொண்டே அதில் டீத்தூள் போட்டுக் கொதிக்கவிட்டு, பாலை ஊற்றினார். நாங்கள் மூவரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். பொங்கி வந்தது. திரியவில்லை.

அத்தை கரண்டியில் எடுத்து ஊதி ஒரு வாய் குடித்தார். "கரிக்கத்தான் செய்யுது. ஆனாத் திரியல" என்றார்.

"மழைத்தண்ணி இப்போ மேலாப்புல நிக்கும், அடியில பழசு இருக்கும்" என்றார் மாமா. எனக்கும் ஒரு டம்ளரை நீட்டினார். "சித்திரையில வா மாப்ள. அப்ப மறுக்கா வெச்சுப் பாக்கலாம்."